பஃபேயில் யாரும் டிப்ஸ் வைப்பதில்லை

சாப்பிட்டு முடித்தவர்களின் தட்டை எடுக்கும்போது என் கை முதலில் அதன் விளிம்பைச் சற்றே தூக்கிப் பார்க்கும். அடியில் ஒன்றும் இருக்காது. மேசை விரிப்பில் குழம்பு வட்டம் இருக்கும், சில நேரம் யாரோ ஒதுக்கிய மீன்முள் இருக்கும். ஒன்றும் இருக்காது என்று கைக்கும் தெரியும், ஆனாலும் தூக்கிப் பார்க்கிறது. மலேசியாவின் மலைப்பக்கம் பிரிஞ்சாங்கிலிருந்து கியா பார்முக்கு ஏறுகிற சாலையில், தேயிலைச் சரிவைப் பார்த்தபடி இருக்கிற பஃபே கடை எங்களுடையது. எங்களுடையது என்பது வாய்ப்பழக்கம், முதலாளி ஈப்போவில் இருக்கிறார். வாசலிலேயே தலைக்கு இவ்வளவு என்று பணத்தைக் கட்டிவிட்டு உள்ளே வர வேண்டும். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் அவரவரே போட்டுக்கொள்ள வேண்டும். சோறு, மீ கோரெங் என்கிற வறுத்த நூடுல்ஸ், கோழிக் குழம்பு, இங்கே தோட்டத்தில் பறித்த கீரை, கடைசியில் ஸ்ட்ராபெர்ரி. சாப்பிட்டு முடித்தால் எழுந்து போய்க்கொண்டே இருக்கலாம். பில் கொண்டுவர ஆள் இல்லை, சோம்புத் தட்டு இல்லை, பக்கத்தில் நின்று தலையைச் சொறிய ஆள் இல்லை. எச்சில் தட்டை எடுப்பதற்கு மட்டும் ஆள் உண்டு, அந்த வேலையில்தான் நான் மூன்று வருடமாக இருக்கிறேன்.

ஊரில் இருக்கும் உங்களுக்காகவும், என்னைப் போலக் கல்யாணம் செய்துகொண்டு கடல் தாண்டி வந்தவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நீங்கள் படிக்கும் நாளில் நான் எந்த நாட்டில் இருப்பேன் என்று எனக்கே தெரியாது. வருகிற வியாழக்கிழமை என் பாஸைப் புதுப்பிக்க வேண்டும். மலேசியக்காரரைக் கட்டிக்கொண்டதால் ஒருத்தி மலேசியக்காரி ஆகிவிடுவதில்லை. அவருடைய மனைவி என்ற முறையில் இங்கே தங்கியிருக்கலாம் என்று ஒரு பாஸ் தருவார்கள். அதைப் புதுப்பிக்கிற நாளில் கணவர் கூடவே வந்து நிற்க வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். அவர் வராவிட்டால் நான் வெறும் வெளிநாட்டுக்காரி. எங்கள் மகள் தர்ஷினி இங்கே பிறந்தவள், இந்த நாட்டுக் குடிமகள், தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கிறாள். அவளை யாரும் போகச் சொல்ல முடியாது. அவளைப் பெற்றவள் இருக்கலாமா என்பதற்குத்தான் வியாழக்கிழமை பதில். அவளுடைய அப்பாவோ பல மாதங்களாக என் போனை எடுப்பதில்லை. அனுப்புகிற செய்திகளுக்குப் பக்கத்தில் நீல டிக் மட்டும் விழுகிறது, படிக்கிறார் என்று தெரிகிறது, பதில் இல்லை. இந்த நிலைமையில் ஒருத்திக்கு எழுத எத்தனையோ இருக்கும். எனக்கு டிப்ஸைத் தவிர வேறு எதுவும் ஓடவில்லை.

டிப்ஸ் என்பது எங்கள் வீட்டில் சின்ன விஷயமாக இருந்ததில்லை. என் அப்பா ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் சப்ளையராக இருந்தார். சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் சரியாகிவிடும். எங்கள் யூனிபார்ம், ஜாமெட்ரி பாக்ஸ், தீபாவளி வெடி எல்லாம் சோம்புத் தட்டிலிருந்து வந்தவைதான். வீட்டுக்கு வந்து அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது பை சத்தம் போடும், அந்தச் சத்தத்தை வைத்தே அம்மா மறுநாள் சமையலை முடிவு செய்வாள். அதில் வளர்ந்த எனக்கு, சாப்பிட்ட இடத்தில் ஒன்றும் வைக்காமல் எழுந்தால் உடம்பெல்லாம் கூசும். அப்பாவுக்கு டிப்ஸ் வைக்கிற கையைப் பார்த்தே ஆளைச் சொல்லத் தெரியும். தினமும் வருகிறவன் சில்லறைதான் வைப்பான், நாளைக்கும் அவன் வர வேண்டுமே. அப்படி வந்துகொண்டிருந்தவன் ஒருநாள் திடீரென்று பெரிய நோட்டாக வைத்தால் அப்பாவுக்குச் சந்தோஷம் வராது. மாற்றலாகிப் போகிற பேங்க்காரராக இருக்கும், இல்லை ஊரைக் காலி செய்கிற மருந்து கம்பெனிப் பையனாக இருக்கும். “பெருசா வச்சான்னா இனிமே வரமாட்டான்னு அர்த்தம், தாயி” என்பார். அப்படிப்பட்டவர்களுக்கு மட்டும் அவர் கைவேலையைப் போட்டுவிட்டு வாசல்வரை போய், அவர்கள் தெருவில் மறையும்வரை நின்றுவிட்டு வருவார். முதலாளி திட்டினாலும் நிற்பார்.

கல்யாணமாகி நான் இந்த மலைக்கு வந்த முதல் வாரம், தர்ஷினியின் அப்பா என்னைப் பிரிஞ்சாங்கில் ஒரு பஃபேக்கு அழைத்துப் போனார். அவர் இங்கேயே டீத்தோட்டத்து லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர், அவருடைய பெற்றோர் கொழுந்து எடுத்தவர்கள், அவர் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவர். தலைவாழை இலையில் கை வைக்கவே வெட்கப்படுகிற புதுப்பெண்ணாகிய நான், தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்று நானே சோறு போட்டுக்கொண்டேன். பந்தியில் இடம் கிடைக்காதவள் போல இருந்தது. முடித்து எழும்போது, அவர் பார்க்காத நேரம் பார்த்து, அவருடைய அத்தை என் கையில் வைத்துக் கொடுத்திருந்த பணத்திலிருந்து பத்து ரிங்கிட்டை, இங்கே சொல்வதுபோல் பத்து வெள்ளியை, தட்டுக்கு அடியில் செருகினேன். கார் வரைக்கும் போயிருப்போம், தலையில் துடோங் முக்காடு கட்டிய ஒரு சின்னப் பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள். “காக், டுயிட் தெர்திங்கால்” என்று அந்த நோட்டை நீட்டினாள். எனக்கு அப்போது மலாய் ஒரு வார்த்தையும் தெரியாது. காசைத் திருப்பி நீட்டிக்கொண்டு ஒருத்தி படபடவென்று பேசினால் ஊரில் என்ன அர்த்தம்? போதவில்லை என்று அர்த்தம். எனக்கு அவமானமாகிவிட்டது. அவசரமாகப் பையைத் திறந்து இன்னொரு பத்து வெள்ளியை எடுத்து அதன்மேல் வைத்தேன். அவள் திகைத்துப்போய் இரண்டு நோட்டையும் என் கையில் வைத்து அழுத்தி, மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு என்னென்னவோ சொன்னாள். நான் மூன்றாவது நோட்டைத் தேடினேன்.

காருக்குள் தர்ஷினியின் அப்பா ஸ்டீரிங்கில் தலையை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். “அக்கா, காச மறந்து விட்டுட்டுப் போறீங்கன்னு சொல்லுது லா அந்தப் புள்ள” என்றார், பேச்சோடு பேச்சாக ‘லா’ போடுகிற இந்த நாட்டு வழக்கத்தில். “நாமளே எடுத்துச் சாப்புடுற எடத்துல எதுக்கு டிப்ஸ்?” அந்தக் கதையை அடுத்த ஒரு வருடம் அவர் சொல்லாத வீடில்லை. கம்போங் ராஜாவில் அவருடைய கூட்டாளி வீட்டுக் கல்யாணத்தில்கூட மைக்கைப் பிடிக்காத குறையாகச் சொன்னார். சொல்லும்போது என் தோளில் கை போட்டுக்கொண்டு சொல்வார். அப்போது அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது, அதை மறைக்க ஒன்றுமில்லை.

இங்கே இது யாருக்கும் கஞ்சத்தனம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தானே எடுத்துச் சாப்பிட்டவன் யாருக்கு, எதற்குக் கொடுப்பான் என்பது இவர்களுடைய நியாயம். வேண்டுமென்றால் காசு கட்டுகிற இடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது, அதில் போடலாம், எல்லாருக்கும் பொது. மேசையில் கிடைப்பதையும் அதில்தான் போட வேண்டும் என்பது எங்கள் மேனேஜருடைய சட்டம். சிங்கப்பூர்க்காரர்கள் போடுவதில்லை, தட்டை மட்டும் ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டுப் போவார்கள். வெள்ளைக்காரர்கள் என் முகத்தைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டுக் குழப்பமாக நிற்பார்கள், வைப்பதா வேண்டாமா என்று அவர்களுக்கும் தெரியாது. நம் ஊரிலிருந்து வருகிறவர்கள்தான் பாவம், கையில் நோட்டை மடித்து வைத்துக்கொண்டு யாரைக் கேட்பது என்று நாலாபக்கமும் பார்ப்பார்கள். “ஒங்க ஊரு ஆளுங்க வந்தா நல்லா பேசுவாங்க, ஆனா தட்டு நெறைய எடுத்துட்டு மிச்சம் வைப்பாங்க லா” என்பாள் ஸ்டெல்லா அக்கா. தேநீர் கவுண்டரில் நிற்பவள் அவள். தோட்டத்து லைனில் பிறந்தவள், ஞாயிறு காலையில் மாதா கோயிலில் பூசை முடித்து நேராக வேலைக்கு வருவாள், அவளுடைய மோட்டார் சைக்கிளில்தான் நானும் வருகிறேன். இந்த மலையில் எனக்கென்று இருக்கிற ஒரே ஆள் அவள்தான்.

அவர் விலகிப் போனதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, அடித்து உதைத்து ஒன்றும் நடக்கவில்லை. மலைக்கு ஆள் வருவது குறைந்த காலத்தில் ஈப்போவில் ஒரு கம்பெனி வேனுக்குப் போனார். வாரம் ஒருமுறை வந்தார், பிறகு மாதம் ஒருமுறை, பிறகு தர்ஷினியின் பிறந்தநாளுக்கு. அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்று காதில் விழுந்தது. நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்கிற பயம்தான். போன தடவை பாஸ் புதுப்பிக்க வந்தவர், பக்கத்தில் நின்றார், கையெழுத்துப் போட்டார், வெளியே வந்ததும் தேத்தண்ணி குடிக்கக்கூட நிற்காமல் போய்விட்டார். அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஊருக்குப் போய்விடேன் என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. எந்த ஊருக்கு? அப்பா போன பிறகு அந்த வீடு தம்பி வீடாகிவிட்டது, போனில் பேசும்போதே தம்பி மனைவி எத்தனை நாள் லீவு என்றுதான் முதலில் கேட்கிறாள். தர்ஷினியைக் கூட்டிக்கொண்டு போக அவள் அப்பாவின் சம்மதம் வேண்டும், விட்டுவிட்டுப் போக நான் சாக வேண்டும்.

இப்படி இருக்கும்போதுதான் போன ஞாயிறு மதியம் அந்த வேன் வந்தது. ஏஜெண்டு எந்தக் கடையைச் சொல்கிறானோ அங்கேதான் டிரைவர் நிறுத்த வேண்டும், இத்தனை நாள் தர்ஷினியின் அப்பாவுக்கு எங்கள் கடை வாய்க்கவில்லை, அன்றைக்கு வாய்த்தது. நான் சமையலறையிலிருந்து கழுவிய ஸ்பூன்களைத் தட்டத்தில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, குல்லாயும் ஸ்வெட்டருமாக நம் ஊர்க் கூட்டம் ஒன்று நீள மேசையை நிறைத்து உட்கார்ந்திருந்தது. ஆள் கூட்டிவரும் டிரைவருக்கு இங்கே சாப்பாடு இலவசம். அவர்களுக்கென்று சமையலறைக் கதவோரம் ஒரு தனி மேசை உண்டு. அந்த மேசையில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, பக்கத்து நீள மேசைக்காரர்களிடம் அவர் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

“டிப்ஸெல்லாம் வைக்காதீங்கம்மா. நாமளே எடுத்துச் சாப்புடுற எடத்துல எதுக்கு லா டிப்ஸ்? வச்சா, மறந்துட்டுப் போறீங்கன்னு பின்னாலேயே ஓடியாந்து குடுப்பாங்க. இப்படித்தான் ஊர்லேருந்து புதுசா வந்த பொண்ணு ஒன்னு…”

முழுக் கதையையும் சொன்னார். துடோங் கட்டிய பெண், இரண்டாவது பத்து வெள்ளி, மூன்றாவது நோட்டைத் தேடியது, எல்லாம் அதே வரிசையில். மேசையே சிரித்தது. பல வேன் ஆட்களுக்குச் சொல்லிப் பழகிய கதை என்பது அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னதிலேயே தெரிந்தது. என் தோளில் இருந்து கையை எடுத்துவிட்டுக் கதையை மட்டும் கொண்டுபோயிருக்கிறார். அந்தப் பொண்ணு பிறகு என்ன ஆனாள் என்று யாரும் கேட்கவில்லை. நான் தட்டத்தைப் பக்கத்து மேசையில் இறக்கினேன், ஸ்பூன்கள் சத்தம் போட்டன. அந்தச் சத்தத்துக்குத்தான் அவர் திரும்பினார்.

பட்டுச்சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட ஒரு அம்மா என்னைப் பார்த்துவிட்டார். “ஏம்மா, தமிழா நீ? எந்த ஊரு?”

“ராஜபாளையம்மா.”

“அடியாத்தி, நாங்க ஸ்ரீவில்லிபுத்தூருத்தா. ராஜபாளையத்துல எங்கிட்டு?”

“பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம்மா.”

“கல்யாணமாகி வந்தியாக்கும். வீட்டுக்காரரு என்ன பண்றாரு?”

டிரைவர் மேசையில் அவர் தட்டைப் பார்த்துக் குனிந்திருந்தார். கோழித்துண்டைச் சாப்பிடாமல் பிய்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்ல எனக்கு அந்த நேரத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை.

“வேன் ஓட்டுறாரும்மா.”

“அட, நம்ம தம்பி மாதிரியே. தம்பி, ஒங்களுக்குத் தெரிஞ்சவராத்தான் இருக்கும்?”

“மலையில நெறைய வேனு ஓடுதும்மா” என்றார் அவர், நிமிராமல். “எல்லாரையும் தெரியுமா என்ன.”

தேநீர் கவுண்டரில் ஸ்டெல்லா அக்கா ஒரு கோப்பையை வைத்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் உள்ளே போனதும் பின்னாலேயே வந்துவிட்டாள். “நான் போயி கேக்குறேன் லா. அத்தன பேரு முன்னால கேக்குறேன். இவ யாருன்னு தெரியாதான்னு கேக்குறேன்” என்றாள். அவள் ஏப்ரனை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். “வேணாம்க்கா. கோவிச்சுக்குவாரு. வியாழக்கிழமை அவரு வரணும்” என்றேன். “வருவானா இவன்?” என்றாள். நான் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினேன். ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும் என்று மனது அடித்துக்கொண்டது, பேசினால் உள்ளதும் போய்விடும் என்றும் அடித்துக்கொண்டது. அத்தனை பேர் நடுவில் கணவரென்று காலைப் பிடித்துக் கெஞ்சினாலும் தப்பில்லை என்றுகூட ஒரு கணம் தோன்றியது. கடைசியில் தட்டெடுக்கத்தான் போனேன்.

அவர்கள் எழுந்து வெளியே தேயிலைச் சரிவுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் அம்மாவின் தட்டுக்கு அடியில் ஐந்து வெள்ளி மடித்து வைக்கப்பட்டிருந்தது, டிரைவர் சொன்னதை அவர் கேட்கவில்லை. மூன்று வருடத்தில் முதன்முதலாக என் கைக்கு ஒன்று அகப்பட்டது. அதைப் பெட்டியில் போடுவதற்காகத் தனியே வைத்துவிட்டு டிரைவர் மேசைக்கு வந்தேன். சாப்பாடு பாதி அப்படியே இருந்தது. பழக்கதோஷத்தில் விளிம்பைத் தூக்கினேன். அடியில், நான்காக மடித்த ஊதா நோட்டு ஒன்று இருந்தது. நூறு வெள்ளி. சாப்பாட்டுக்கே காசு கொடுக்காத மேசையில், டிப்ஸ் எதற்கு என்று அப்போதுதான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர், வைத்துவிட்டுப் போன நோட்டு.

அப்பா சொன்னதுதான் என் காதில் கேட்டது. பெரிதாக வைத்துவிட்டார். வியாழக்கிழமை வரமாட்டார். நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன், வேலை நேரத்தில் விருந்தாளி நாற்காலியில் உட்காரக்கூடாது என்பதும் சட்டம்தான். இதை வைத்துக்கொண்டால் நான் ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று பட்டது. திருப்பிக் கொடுத்துவிட்டால் அவர் இன்னும் போகாதவராகிவிடுவார் என்றும் பட்டது. இதில் என்ன அறிவு இருக்கிறது என்று கேட்காதீர்கள், மூழ்குகிறவளிடம் அறிவு கேட்டு என்ன ஆகப்போகிறது. நோட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். மேசை துடைக்கிற துணியும் கையோடு வந்துவிட்டது.

எல்லாரும் ஏறிவிட்டார்கள், இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினேன். இறக்கினார். உள்ளே அத்தனை ஜன்னலிலும் என் ஊர் முகங்கள். தமிழில் எது சொன்னாலும் அத்தனை பேருக்கும் புரியும், என் மானம் மட்டுமில்லை, அவர் மானமும் போகும், பிறகு அவர் வரவே மாட்டார். எனக்கு மலாய் வந்தது.

“என்சிக், டுயிட் தெர்திங்கால்” என்றேன். ஐயா, பணத்தை விட்டுட்டுப் போறீங்க.

எட்டு வருடத்துக்கு முன்னால் அவர் சிரித்த அதே வார்த்தை. அவர் சிரிக்கவில்லை, அன்றைக்கு முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். முன்நெற்றியில் நரை விழுந்திருந்தது. நான் நோட்டை நீட்டிக்கொண்டே இருந்தேன்.

“என்ன தம்பி சொல்றா?” என்று பின்னாலிருந்து அந்த அம்மா கேட்டார்.

“காச மேசையில விட்டுட்டு வந்துட்டேனாம்மா.”

“பாத்தீங்களா, எடுத்து வச்சுக்கிடாம ஓடியாந்து குடுக்கா. எங்க ஊருப் புள்ளல்ல” என்றார் அவர் வேன் முழுவதற்கும். யாரோ கை தட்டினார்கள். அத்தனை பேர் பார்க்கும்போது அவரால் வாங்காமல் இருக்க முடியவில்லை. வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார்.

“காமிஸ், டாத்தாங் தாக்?” என்று கேட்டேன். வியாழக்கிழமை வருவீங்களா, மாட்டீங்களா. சிரித்த முகமாகத்தான் கேட்டேன், பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரக்கூடாது. “தர்ஷினி துங்கு.” தர்ஷினி காத்துக்கிட்டு இருக்கா.

அவர் கியரைப் போட்டார். “தெங்கோக் லா” என்றார். பார்ப்போம் என்று பொருள். முகத்துக்கு நேரே முடியாதென்று சொல்லப் பிடிக்காதவர்கள் இந்த நாட்டில் சொல்கிற வார்த்தை அது. கண்ணாடி மேலே ஏறியது.

வேன் நகர்ந்தது. பின்கண்ணாடி வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் அம்மா திரும்பி உட்கார்ந்து கை காட்டினார், பக்கத்திலிருந்த குழந்தையையும் கை காட்டச் சொன்னார். இந்த வாரக் கடைசிக்குள் அவர் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார், அங்கிருந்து எங்கள் பஸ் ஸ்டாண்டு அரை மணி நேரம்தான். என் ஊரும், நான் ஊரை விட்டு யாரை நம்பி வந்தேனோ அவரும், ஒரே வேனில் மலை இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் துணியைப் பிடித்த கையால் பதிலுக்குக் கை காட்டினேன். தேயிலைச் சரிவில் வேன் ஒரு வளைவில் மறைந்து கீழே இன்னொன்றில் தெரிந்தது, பிறகு அதிலும் மறைந்தது. மேனேஜர் உள்ளேயிருந்து என் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். போக வேண்டும் என்று திரும்பியபோதுதான் பார்த்தேன், பெரிய நோட்டு வைத்தவர்களுக்காக அப்பா போய் நிற்பாரே, அந்த மாதிரி நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.